யாருக்குத் தாழ்மை போதிக்கிறீர்கள்?

விண்ணப்பக் கடிதம் எழுதுவது நம் பள்ளிக்கூடங்களில் தமிழாசிரியன் கற்பிக்க வேண்டிய பாடங்களுள் ஒன்று. முகவரி, திகதி, விளிப்பு, பொருள், முடிப்பு என அதற்கோர் அமைப்பு உண்டு. அந்த அமைப்புக்குள் காலங்காலமாக ஒரு தொடர் குடியிருந்து வருகிறது. மிகவும் தாழ்மையுடனும் பணிவுடனும் வேண்டிக்கொள்வதாகச் சொல்லும் தொடர் அது. குளக்கட்டு உடைந்து கிடக்கிறது, திருத்தித் தாருங்கள் என்று கேட்பதற்கும் தாழ்மை. தகுதியுள்ள விதவை ஒருத்தியின் பெயர் நிவாரணப் பட்டியலில் விடுபட்டுப் போயிற்று, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கும் தாழ்மை. சட்டப்படி தனக்குரியதைக் கேட்பவன் தாழ்ந்து நிற்கிறான். அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவன் உயர்ந்து அமர்ந்திருக்கிறான். இதைத்தான் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாம் மொழிப்பாடம் என்ற பெயரால் கற்றுக்கொடுக்கிறோம். பிழையின்றி எழுதினால் புள்ளியும் போடுகிறோம்.

வெறும் மரபுத் தொடர்தானே, இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்பவர்கள் உண்டு. தொடர் பழகினால் நாக்குப் பழகும். நாக்குப் பழகினால் முதுகும் பழகிவிடும். பள்ளியில் தாளில் எழுதிய தாழ்மையை நாற்பது வயதில் பணிமனை வாசலில் நின்று நடித்துக் காட்டும் மனிதரை நாள்தோறும் காண்கிறோம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு அவர்கள் திரும்பிப் போகிறார்கள். இந்த நிலையைக் கண்டு வெட்கப்பட வேண்டிய நாம், இதற்குத் தாழ்மை என்று பெயர் சூட்டியிருக்கிறோம். போதாக்குறைக்கு இது புண்ணியம் என்றும் போதிக்கிறோம். அந்தப் போதனையை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

போதனையின் சாரம் இதுதான். அதிகாரம் ஆண்டவனால் வந்தது. ஆகவே அதனிடம் அன்போடும் அமைதியோடும் நடந்துகொள். அநியாயம் நேர்ந்தால் பொறுத்துக்கொள். வாதாடாதே, வாதாடுவது அகந்தை. இவ்வுபதேசத்துக்குச் சான்றாகக் கிறிஸ்துவையே முன்நிறுத்துகிறார்கள். யுத்த காலத்தில், மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மாருக்கு இது சொல்லப்பட்டது. யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும், மன்னித்துவிடு, மறந்துவிடு, பெரியவர்களைக் கோபப்படுத்தாதே என்று அதே தாய்மாருக்கு அதுவே சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்லர். சைவர் விதி என்ற ஒரு சொல்லால் இதையே சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆயினும் விதி என்பவன் ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடுகிறான். தாழ்மை என்பவனோ பாதிக்கப்பட்டவளின் குணத்தையே நிறுத்துப் பார்க்கிறான். அவள் அழுதால் குற்றமில்லை. கேள்வி கேட்டால் குற்றம்.

மண்டூரிலிருந்து எழுதுகிறவர்களுக்குக் கிறிஸ்துவின் தாழ்மையைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர் சிலர் நினைக்கக்கூடும். மண்டூர் முருகன் ஊர். சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற கோவில் இங்கேதான் இருக்கிறது. கதிர்காமத்திற் போலவே இங்கும் பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். அந்த மௌனத்தின் அருமை எமக்குத் தெரியும். பேச்சுக்கு எட்டாத ஒன்றின் முன் மனிதன் தானே விரும்பி ஏற்கும் மௌனம் அது. ஆனால், கோவிலிற் கட்டிய துணியைக் கச்சேரியிலும் கட்டிக்கொள் என்று ஒருவர் சொன்னால் அது பக்தியாகாது. சுவாமியின் இடத்தில் உத்தியோகத்தரை வைக்கும் காரியம் அது. கிறிஸ்தவத் தாழ்மையின் பெயரால் நடப்பதும் இதே மாற்று வேலைதான் என்பதால், எந்தச் சமயத்தவரும் இதில் தலையிடலாம். மேலும், மட்டக்களப்பு நாட்டில் சிலுவைக்கும் வேலுக்கும் நடுவே மதில் எழுப்பி எவரும் துன்பப்பட்டதில்லை. வாவியின் இரு கரையிலும் பட்டதெல்லாம் எல்லோரும் சேர்ந்து பட்டவையே.

சுவிசேஷங்களைச் சமய நூலாகப் படிக்க விருப்பமில்லாதவர்கள், ஓர் ஏழைத் தச்சன் அதிகாரத்தின் முன் நின்ற வரலாறாகவாவது அவற்றைப் படித்துப் பார்க்கட்டும். கைது செய்யப்பட்ட இரவில், ஆயுதங்களோடு வந்தவர்களிடம் இயேசு முதலில் கேட்டது என்ன? தேடிவந்தது தன்னையே என்றால் உடனிருப்பவர்களைப் போக விடவேண்டும் என்பதே. தன்னைத் தப்புவிக்கும்படி அவர் கேட்கவில்லை, பிறருக்காகக் கேட்டார். பின்னர்ப் பிரதான ஆசாரியனின் விசாரணையில் சேவகன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அறைந்தவனை அவர் திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவுமில்லை. வாய்மூடி நிற்கவுமில்லை. தான் பேசியது பிழையானால் அந்தப் பிழையை எடுத்துக்காட்டும்படியும், சரியானால் அடித்த காரணத்தைச் சொல்லும்படியும் கேட்டார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் தம் வாழ்வில் அதற்கு எழுதிய உரை இதுதான். அடி வாங்கச் சித்தமாயிருந்தார். அடித்ததற்கு நியாயம் கேட்கும் உரிமையை விட்டுவிடச் சித்தமாயில்லை.

ஏரோதின் முன்னும் பிலாத்துவின் முன்னும் அவர் மௌனமாய் நின்றாரே என்பார்கள். நின்றார். தன் உயிருக்காக மன்றாட வேண்டிய இடங்களில் மௌனமாய் நின்றார். ஆனால், தன்னை விடுவிக்கவும் கொல்லவும் அதிகாரமுண்டு என்று பிலாத்து பெருமை பேசியபோது, அந்த அதிகாரம் அவனுக்குச் சொந்தமானதன்று, மேலிருந்து தரப்பட்டது என்று நினைவூட்டத் தவறவில்லை. அதிகாரம் ஆண்டவனிடமிருந்து வந்தது என்னும் போதனையை அவரும் சொன்னார்தான். அதை ஆளப்படுவோரின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆள்பவனின் முகத்துக்கு நேரே சொன்னார். நம் உபதேசிமார் அதே வாக்கியத்தைத் திசை மாற்றிச் சொல்கிறார்கள். திசை மாறியதும் பொருளும் தலைகீழாகிவிடுகிறது.

சீடர்களின் கால்களை அவர் கழுவியதும் அந்த இரவில்தான். போதகர் மாணவரின் கால்களைக் கழுவினார். தலைவன் தொண்டரின் முன் குனிந்தான். தாழ்மை என்ற குணம் மேலிருப்பவனிடம் எதிர்பார்க்கப்படுவது, கீழிருப்பவனை நோக்கிச் செலுத்தப்படுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. பெரிய வியாழன்தோறும் குருமார் பலர் ஆலயங்களில் இதை நடத்திக் காட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை முதல் மறுபடியும் ஏழைகள்தாம் குனிய வேண்டியிருக்கிறது.

பவுலைக் காட்டி வாயடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆளுகைக்குக் கீழ்ப்படியும்படி அவர் எழுதினார் அல்லவா என்கிறார்கள். எழுதினார். எழுதியவர் எப்படி நடந்தார் என்பதையும் பார்ப்போம். பிலிப்பி நகரத்தில் அவரையும் சீலாவையும் விசாரணையின்றிப் பிரம்பால் அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும், இரகசியமாக விட்டுவிடும்படி நகர அதிகாரிகள் ஆளனுப்பினார்கள். நம்மவராயின் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்போம். பவுல் போக மறுத்தார். உரோமக் குடிமக்களை விசாரியாமல் வெளியரங்கமாக அடித்தவர்கள் இரகசியமாய் வெளியே தள்ளுவதா, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள், வருந்திக் கேட்டு வெளியே கொண்டுபோனார்கள். சட்டம் குடிமகனுக்குத் தந்ததைச் சட்டத்தைக் காப்பவனிடமே கேட்டு வாங்கிய இச்செயலில் அகந்தை எங்கே இருக்கிறது?

இன்னொரு சம்பவம் இதைவிட நுட்பமானது. எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தின் முன், பவுலின் வாயில் அடிக்கும்படி பிரதான ஆசாரியன் உத்தரவிட்டான். பவுல் சீறினார். சட்டப்படி நியாயம் விசாரிக்க அமர்ந்திருப்பவன் சட்டத்துக்கு விரோதமாக அடிக்கச் சொல்வதா என்று கேட்டார். கூடவே ஓர் ஏச்சையும் வீசினார். ஏசப்பட்டவன் பிரதான ஆசாரியன் என்று அருகிலிருந்தோர் சொன்னதும், அது தமக்குத் தெரியாது என்று கூறி, மக்கள் தலைவனை இழித்துப் பேசலாகாது என்ற விதியைத் தாமே எடுத்துச் சொன்னார். பதவிக்குரிய மரியாதையைக் கொடுத்தார். ஆனால் சட்டவிரோதமாக அடிக்கலாமா என்று எழுப்பிய கேள்வியை அவர் மீட்டுக்கொள்ளவில்லை. அதிகாரத்தின் முன் கிறிஸ்தவ நயம் என்று ஒன்று உண்டானால் அதன் இலக்கணம் இங்கே இருக்கிறது: ஏச்சு நாவிலிருந்து போக வேண்டும்; கேள்வி நிற்க வேண்டும்.

இந்த இலக்கணத்தை மறைத்துவிட்டு, நிருபத்தின் சில வரிகளை மட்டும் பிடுங்கியெடுத்து ஆட்சிக்கு அரண் கட்டிய கதை நம் நாட்டோடு நிற்பதன்று. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சியும் அதே அதிகாரத்தையே தனக்கு ஆதாரமாக்கிற்று. அங்கே 1985ஆம் ஆண்டு வெளிவந்த கைரோஸ் அறிக்கையில், கறுப்பின மக்களிடையே பணிசெய்த இறையியலாளரும் குருமாரும் அந்த விளக்கத்தை அரச இறையியல் என்று பெயரிட்டுக் கண்டித்தார்கள். தங்கள் திருச்சபைகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நீதி கிட்டுமுன்னே சமரசம் பேசுகிற சபை எவருக்கு உதவுகிறது என்று கேட்டார்கள். அக்கேள்வி வாவிக்கரைக்கும் பொருந்தும்.

நம்மிடையே இந்தத் திரிபு வேரூன்றியதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. கிறிஸ்தவனாவதும் அரசாங்கத்துக்கு நல்ல பிள்ளையாவதும் ஒன்றே என்ற எண்ணம் அன்றே விதைக்கப்பட்டது. அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்திருந்தனர். அத்தடையை மீறி 1687இல் கோவையிலிருந்து ஏழைக் கோலத்தில் வந்திறங்கி, இரவுகளில் வீடு வீடாகச் சென்று பணிசெய்தவர் யோசேப் வாஸ் அடிகள். அவர் தாழ்மையின் வடிவம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2015இல் கொழும்பில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றைய அரசாங்கத்தின் சட்டப்படி அவர் குற்றவாளி என்பதை மட்டும் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1814இல் மட்டக்களப்பை வந்தடைந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறையுமுன் 1815இல் இம்மண்ணிலேயே உயிர் துறந்தார். அவருடைய முயற்சியிலிருந்து பிறந்த மத்திய கல்லூரியும், 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் இந்நாட்டுக்குத் தந்த கல்வியை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் நன்கொடை பெறும் பள்ளிக்கூடம் நன்கொடை தரும் அரசாங்கத்தோடு முரண்படத் தயங்குவது இயல்பு. பணிந்து நடக்கும் எழுதுவினைஞரை உருவாக்குவதும் அக்கல்வியின் நோக்கங்களில் ஒன்றாயிற்று. 1960இலும் 1961இலும் இயற்றிய சட்டங்களால் அரசாங்கம் உதவிபெறும் பள்ளிக்கூடங்களிற் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்றது. நிர்வாகம் மாறிற்று, கடிதத்தின் முடிப்பு மாறவில்லை. மிசனரியின் மேலாளரிடம் காட்டிய தாழ்மையை ஆசிரியர்கள் அப்படியே கல்விப் பணிமனைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். கிறிஸ்தவத் தாழ்மை அதிகாரத்தின் முன் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு நாம் உரோமாபுரிக்குப் போகத் தேவையில்லை. மட்டக்களப்பிலேயே அதற்கு உதாரணங்கள் இருக்கின்றன.

மரியாள் பேராலயத்தின் பங்குக் குருவாயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகள், மட்டக்களப்புப் பிரசைகள் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்காகப் படையினரிடம் போய்ப் பேசுவது அக்காலத்தில் அக்குழுவின் அன்றாட வேலை. 1988 யூன் 6ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய அமைதிப்படை நிலைகொண்டிருந்த நாட்கள் அவை. ஆயுதம் வைத்திருந்தவர் எவராயினும், கேள்வி கேட்பவரை அவர்கள் விரும்பவில்லை என்பதற்கு அந்தக் கொலை சாட்சி.

1948இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து மட்டக்களப்புக்கு வந்த யேசு சபைக் குருமாருள் இருவர் ஹரி மில்லரும் இயூஜின் ஹேபேரும். புனித மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவருக்கு இருவரும் ஆசிரியர்கள். ஹேபேர் அடிகள் கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளரும்கூட. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஓகத்து 15ஆம் திகதி ஹேபேர் அடிகள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞரோடு காணாமற் போனார். இன்றுவரை அவருக்கு என்ன நேர்ந்தது என்று அதிகாரம் எதுவும் பொறுப்போடு சொல்லவில்லை.

மில்லர் அடிகள் எஞ்சினார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில், ஊர்ப் பெரியோரோடு சேர்ந்து அவர் செய்த வேலை மிக எளியது. காணாமற் போனவரின் பெயர், வயது, ஊர், பிடித்த நாள், பிடித்த இடம், பிடித்தவர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதுவது; எழுதியதை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போய் விசாரிப்பது. அதில் முழக்கம் இல்லை, வசை இல்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கொண்டுபோயினர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் பிடிக்கப்பட்ட 184 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். இவ்வெண்களை இன்று நாம் எழுத முடிகிறதென்றால், அச்சத்துக்கு நடுவே சிலர் பெயர்களை எழுதி வைத்தார்கள் என்பதே காரணம். பின்னர் அரசாங்கமே அமைத்த ஆணைக்குழுவின் முன் அப்பெயர்கள் வந்தன. தண்டனை எவருக்கும் கிடைக்கவில்லை. ஆயினும் நடந்ததை நடக்கவில்லை என்று சாதிக்கும் வசதி அதிகாரத்துக்கு இல்லாமற் போயிற்று.

பட்டியல் எழுதுவதை நாம் தாழ்மையின் வேலை என்கிறோம். எழுதுபவனின் புகழுக்கு அதில் இடமில்லை. கதறும் தாயின் முன் அமர்ந்து, அவள் சொல்வதை இடைமறியாது கேட்டு, ஊரின் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அதன்பின் அதே கடதாசியோடு முகாம் வாசலில் காத்து நிற்க வேண்டும். தாயின் முன் ஒருவன் தாழ்ந்தான். அதனால் அதிகாரியின் முன் நிமிர முடிந்தது. உபதேசம் செய்பவர்கள் இவ்விரண்டையும் இடம்மாற்றி வைத்திருக்கிறார்கள்.

இங்கே நம்மவரை நோக்கியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அதிகாரம் என்றால் கொழும்பு மட்டுமல்ல. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதியை ஆண்டவர்கள் விடுதலைப் புலிகள். 1990 ஓகத்து 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை அவர்கள் கொன்றபோதும், சில நாட்களில் ஏறாவூரில் அதுவே நடந்தபோதும், தமிழ்ப் படிப்பாளிகளிற் பெரும்பாலோர் எந்தத் தாழ்மையை மேற்கொண்டார்கள்? நம் பள்ளிக்கூடங்களின் வரவேடுகளில் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டு, அந்தப் பிள்ளைகள் சீருடை மாற்றித் துவக்குத் தூக்கியபோது எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள்? 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மரியாள் பேராலயத்தின் உள்ளேயே யோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின்னும் குரல்கள் முணுமுணுப்பாகவே இருந்தன. அச்சம் இருந்தது, அதை எவரும் குறைசொல்ல முடியாது. அச்சத்துக்கு அச்சம் என்றே பெயர் சொல்லுங்கள் என்பதுதான் எமது வேண்டுகோள். அதற்குத் தாழ்மை என்று பட்டம் சூட்டினால், அஞ்சாது நின்று மாண்டவர்கள் அகந்தைக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவர்களிற் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அந்நாட்களில் பழிவாங்க எழாமல் கிறிஸ்தவர்கள் காத்த பொறுமை இந்நாட்டுச் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே மன்னிப்பைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் மன்னிப்போடு விடயம் முடிந்துவிடவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியவர்கள் யார் என்ற கேள்வியோடு, பாதிக்கப்பட்டோரின் உறவினரும் குருமாரும் பிறரும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2023 சனவரி 12ஆம் திகதி வெளியான தீர்ப்பு, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்புத் துறை அதிகாரிகளும் கடமை தவறினர் என்று கண்டது. தமது சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி முன்னாள் சனாதிபதிக்குக் கட்டளையிட்டது. மன்னித்தவர்கள் வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்பவர்கள் மன்னிப்பின் பொருளறியாதவர்கள். தனக்கு இழைத்த தீங்கை ஒருவன் மன்னிக்கலாம். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போகவிருக்கும் வேறொருவன் பிள்ளையின் பாதுகாப்பை மன்னித்துவிட்டுக் கொடுக்க அவனுக்கு என்ன உரிமை?

எமது வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். தனக்குரியதை விட்டுக்கொடுப்பது ஒருவனுடைய பெருந்தன்மை. பிறருக்குரியதை விட்டுக்கொடுத்துவிட்டுத் தன்னைத் தாழ்மையுள்ளவன் என்று சொல்லிக்கொள்வது களவுக்குச் சமம். நிவாரணப் பட்டியலில் விதவையின் பெயர் விடுபட்டது தெரிந்தும், உத்தியோகத்தரின் மனம் நோகக்கூடாதென்று மௌனம் சாதிக்கும் ஆசிரியர், அவளுடைய அரிசியை எடுத்து உத்தியோகத்தருக்கு விருந்து வைக்கிறார்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறோம். முதலாவது: குருமாருக்கு அங்கி இருந்தது, மில்லருக்கு வெள்ளைத் தோலும் இருந்தது, ஏழைக் கமக்காரன் அப்படிக் கேள்வி கேட்டால் அவன் கதி என்ன? அங்கியும் தோலும் எல்லா வேளையும் காப்பதில்லை என்பதைச் சந்திரா பெர்னாண்டோவும் ஹேபேரும் காட்டிவிட்டார்கள். ஆயினும் மறுப்பில் உண்மையுண்டு. அந்த உண்மையிலிருந்து பெற வேண்டிய முடிவு வேறு. எவனுக்குக் காப்பு அதிகமோ அவன் முதலிற் பேச வேண்டும். குருவுக்கு அங்கி, ஆசிரியனுக்கு நியமனக் கடிதமும் ஓய்வூதியமும், பட்டதாரிக்குப் பட்டம். இவற்றைப் பெற்ற நாம் பின்வரிசையில் ஒதுங்கிக்கொண்டு, எதுவும் இல்லாதவனைப் பார்த்துப் பொறுமையாய் இரு என்று உபதேசிப்பது எந்த வேதத்துக்கும் அடுக்காது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. நயமும் பணிவும் எதற்கு, அதிகாரிகளுக்கு ஏச்சுத்தான் விளங்கும் என்கிறார்கள். கருமபீடத்தில் இருக்கும் எழுதுவினைஞரைத் தகாத சொல்லால் திட்டி, அதைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவது இப்போது வீரமாகிவிட்டது. அந்த எழுதுவினைஞர் நம்மைப் போலவே மாதச் சம்பளத்தில் கடனடைக்கிறவர். முடிவெடுத்தவர் வேறெங்கோ குளிர்ந்த அறையில் இருக்கிறார். ஏச்சு அவரைச் சென்றடைவதேயில்லை. மேலும், ஏசியவனின் நடத்தையைப் பேசிக் காலம் கழிக்க அதிகாரத்துக்கு வாய்ப்புக் கிடைக்கிறது; கேட்ட கேள்வி கிடப்பிற் போகிறது. பவுல் தம் ஏச்சை மீட்டுக்கொண்டது அச்சத்தாலன்று. எதிரில் நிற்பவனும் மனிதன். அவனைக் கடமைக்குத் திருப்புவதே நோக்கம், அழிப்பதன்று. இந்த எண்ணம் உள்ளவனுக்கு மரியாதை இயல்பாக வரும். மரியாதை வேண்டாம் என்று நாம் சொல்லவேயில்லை. வணக்கம் சொல்லுங்கள், ஐயா என்றோ அம்மா என்றோ அழையுங்கள், அமைதியாகப் பேசுங்கள். ஆனால் விடை பெறாமல் எழுந்து வராதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. ஆசிரியர்களாகிய நாம் கடிதப் பாடத்தைத் திருத்துவோம். மதிப்புக்குரிய என்ற விளிப்பு இருக்கட்டும். தாழ்மையுடன் வேண்டுகிறேன் என்ற இடத்தில், இன்ன சட்டத்தின்படி, இன்ன சுற்றுநிருபத்தின்படி எனக்கு உரியதைக் கேட்கிறேன் என்று எழுதப் பிள்ளைகளைப் பழக்குவோம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பொது அதிகாரசபையொன்றிடம் எந்தக் குடிமகனும் எழுத்தில் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். காரணமும் கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் எழுத உயர்தர வகுப்பு மாணவன் ஒவ்வொருவனும் தெரிந்திருந்தால், படுவான்கரையின் குளங்களும் வீதிகளும் பற்றிப் பல இரகசியங்கள் வெளியாகும். பட்டியல் எழுதும் பழக்கத்தையும் ஊர்தோறும் உண்டாக்குவோம். வெள்ள நிவாரணமாயினும் காணிப் பிணக்காயினும் பெயர், நாள், இடம் குறித்து வைப்பவனை ஏமாற்றுவது அத்தனை எளிதன்று.

குருமாருக்கும் சமயப் பெரியார்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்தை நிறுத்த வேண்டாம், கேட்போரை மாற்றுங்கள். திருவிழா மேடைக்கும் ஒளிவிழாவுக்கும் அமைச்சரையும் தளபதியையும் பிரதம விருந்தினராக அழைத்து மாலை சூட்டுகிறீர்களே, அன்று அந்தப் பொருளில் பேசுங்கள். அதிகாரம் தரப்பட்டது, சொந்தமானதன்று என்று பிலாத்துவுக்குச் சொன்னதை அங்கே சொல்லுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மகனின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அந்தப் பிரசங்கம் தேவையில்லை. அவளுக்குத் தேவை, அடுத்த விசாரணை நாளில் தன்னோடு பஸ் ஏறி வந்து, அதிகாரியின் மேசைக்கு எதிரே தன்னருகில் அமர்ந்து, அவன் சொல்லும் விடையை எழுதிக்கொள்ளும் ஒரு படித்த மனிதர்.